ஒன்பது மாதத்து அக்கா

பள்ளிக்கூடத்தில் எடுத்த எந்த வகுப்புப் படத்தைப் பார்த்தாலும் முன்னால் தரையில், ஓரமாக உட்கார்ந்திருப்பவள் நான்தான். உயரம் போதாது. முதல் வகுப்பில் மற்றப் பிள்ளைகள் பென்சிலால் எழுதியபோது நான் அதைக் கடித்துக்கொண்டிருந்தேனாம். டீச்சர் அம்மாவைக் கூப்பிட்டு, ஆறு வயதுக்கு உரிய வளர்ச்சி இல்லை, டாக்டரிடம் காட்டுங்கள் என்று சொல்லியிருக்கிறார். அம்மா தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டாள். டாக்டரிடம் காட்டவில்லை. எனக்கு அப்போது நாலு வயது இரண்டு மாதம்தான் என்பது அவளுக்குத் தெரியும்.

எனக்கு அது தெரிந்தது ஆறு வருடங்களுக்கு முன், அம்மா இறந்து ஒரு வாரம் கழித்து. அப்பா சமையலறை மேசையில் மாத்திரை அட்டையைப் பிரித்துக்கொண்டே, குழாயில் தண்ணீர் நின்றுவிட்டது என்று சொல்வதுபோலச் சொன்னார். எனக்கு முன்னால் ஒரு பெண் பிறந்திருந்தாள். ஒன்பது மாதம் இருந்தாள். நுரையீரலில் காய்ச்சல் கண்டு ஆஸ்பத்திரியில் போய்விட்டாள். என் பெயர் அவளுடைய பெயர். என் பிறப்புச் சான்று அவளுடையது.

இந்த நாட்டில் ஒரு சட்டம் உண்டு. ஒரு குறிப்பிட்ட தேதிக்கு முன்னால் இங்கே பிறந்த எல்லோரும் பிறப்பாலேயே குடிமக்கள். அதற்குப் பின்னால் பிறந்தவர்களுக்கு, பெற்றவர்களில் ஒருவராவது குடிமகனாக இருக்க வேண்டும். அப்பாவும் அம்மாவும் வேலைக்காக வந்தவர்கள். அனுமதிச் சீட்டை வருடா வருடம் புதுப்பித்து வாழ்ந்தவர்கள். அக்கா அந்தத் தேதிக்கு நான்கு மாதம் முன்னால் பிறந்தாள். நான் ஒன்றரை வருடம் பின்னால் பிறந்தேன், ஆஸ்பத்திரி ஊழியர் குவார்ட்டர்ஸ் அறையிலேயே, பக்கத்து வீட்டுக்காரியின் கையில். எந்த ஏட்டிலும் என்னை எழுதவில்லை.

"அந்தத் தாள் பீரோவுல இருந்துச்சு," என்றார் அப்பா. "நீ தொட்டில்ல இருந்த. ரெண்டையும் தனித்தனியா வச்சு என்ன பண்ண?"

அவர் அதைத் திருட்டாக நினைக்கவே இல்லை. ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். ஒரு நோயாளி போனால் போர்வையை வெளுத்து அடுத்தவருக்குக் கொடுப்பார்கள். அப்படித்தான் இதையும் செய்திருந்தார்.

அதுவரை நான் எப்படி இருந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். நான் வேலை பார்ப்பது அதே ஆஸ்பத்திரியின் ஆவண அறையில். பிறந்ததற்கும் இறந்ததற்கும் சான்று கேட்டு வருகிறவர்களுக்கு ஜன்னல் வழியாகப் பதில் சொல்லும் வேலை. அனுமதிச் சீட்டுக்காரர்கள் வந்தால் எனக்குக் குரல் ஏறும். தன் பிள்ளை பிறந்த தேதியைத் தடுமாறிச் சொன்ன ஒரு பெண்ணை, வரிசையில் இருபது பேர் கேட்க, பெற்றவளுக்குத் தேதி தெரியாதா என்று கடிந்திருக்கிறேன். நான் இந்த நாட்டுக்காரி என்ற நிமிர்வு முதுகெலும்பு மாதிரி எனக்குள் இருந்தது. அதற்காக நான் எதையும் செய்ததில்லை, பிறந்ததைத் தவிர. அந்தப் பிறப்பும் என்னுடையது இல்லை என்று தெரிந்த பிறகு ஜன்னலில் என் குரல் இறங்கிவிட்டது. சாலையில் போலீஸ்காரரைக் கண்டால் பையைத் துழாவுவேன். கூட வேலை பார்ப்பவர்கள் அம்மா போன துக்கத்தில் நான் பக்குவப்பட்டுவிட்டதாகப் பேசிக்கொண்டார்கள்.

யாரிடமும் சொல்லவில்லை. கணவர் கப்பலில் சமையல்காரர், வருடத்தில் எட்டு மாதம் கடலில் இருப்பவர். வேறு நாட்டுக்காரர், அவருடைய அனுமதி என் குடியுரிமையைப் பிடித்துத் தொங்குகிறது. நாங்கள் இருக்கும் அரசாங்க வீடு என் பெயரில். அப்பாவுக்கு மருந்து கிடைப்பது என் அட்டையில். ஒன்பது மாதக் குழந்தை ஒருத்தி இத்தனை பேரைச் சுமந்துகொண்டிருந்தாள்.

போன மாதம் என் மகளுக்குப் பதினெட்டு முடிந்தது. அவளுக்கு ரயில் ஓட்ட வேண்டும். எட்டு வயதிலிருந்து அதே பேச்சு. பயிற்சிக்கு நாலாயிரம் பேர் எழுதிய பரீட்சையில் தேறி, கண் பரிசோதனையில் தேறி, இடமும் கிடைத்துவிட்டது. சேர இன்னும் பத்து நாள். வழிவழிக் குடிமகள் என்ற சான்று ஒன்றுதான் பாக்கி. அவளுடைய அப்பா வேறு நாட்டுக்காரர் என்பதால் அது என் வழியாகத்தான் அவளுக்கு வர வேண்டும். விண்ணப்பத்தை நிரப்பி, என் கையெழுத்துக்காக ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருந்தாள். நான் மூன்று நாளாகப் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"அம்மா, ஒரு கையெழுத்துப் போட நல்ல நேரம் பாக்குறியா?" என்று கேட்டாள்.

கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருப்பேன். ஆறு வருடமாகப் போட்டுக்கொண்டுதானே இருக்கிறேன். தடுத்தது அந்த மாதம் எங்கள் அறையில் தொடங்கிய வேலை.

பழைய ஏடுகளையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார்கள். அந்தக் காலத்தில் ஆஸ்பத்திரியில் பிறப்பையும் இறப்பையும் ஒரே ஏட்டில், நடந்த வரிசையில், கையால் எழுதினார்கள். ஒரு துண்டுச் சீட்டுக் கொடுப்பார்கள். அதை வீட்டுக்காரர் பதிவு அலுவலகத்துக்குக் கொண்டுபோனால்தான் அங்கே பதிவாகும். அக்கா பிறந்த சீட்டை அப்பா கொண்டுபோனார். இறந்த சீட்டைக் கொண்டுபோகவில்லை. இப்போது மாடியில் இருக்கும் இயந்திரம் ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்ததும், பிறந்த பெயரையும் இறந்த பெயரையும் கம்ப்யூட்டரே ஜோடி சேர்த்துவிடும். அக்காவின் பிறப்புக்கு நாற்பது வருடமாகக் காணாமல் போயிருந்த ஜோடி கிடைத்துவிடும். அப்புறம் ஒரு கேள்வி வரும்: இந்தப் பெயரில் ஆவண அறையில் சம்பளம் வாங்குவது யார்?

படம் எடுக்கத் தாள் தட்டையாக இருக்க வேண்டும். அதனால் ஒரு பைண்டர் வந்திருந்தார், ஐம்பது வயதுக்காரர். ஏட்டின் தையலை அறுத்து, தாள்களை எண்ணி, எண்ணிக்கையை அட்டையின் உள்பக்கம் பென்சிலால் குறிப்பார். நான் அழுக்கைத் துடைத்து, வரிசை பார்த்து மாடிக்கு அனுப்புவேன். திரும்பி வந்ததும் அவர் மறுபடி எண்ணித் தைப்பார். கரையான் தின்ற தாளுக்கு 'சேதம்' என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும். யாரும் கேட்பதில்லை.

கேட்கிறவர் ஒருவர் மட்டும் வந்திருந்தார், இரண்டு வாரம் முன்னால். லாரி ஓட்டுகிறவர். அவர் பிறந்த பக்கம் கரையானுக்குப் போயிருந்தது. பக்கம் இல்லையென்றால் நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது என்று நான்தான் சொன்னேன். அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "நான் பொறந்தேங்க. பொறக்காமலா உங்க முன்னாடி நிக்கிறேன்?" என்றார். வரிசையில் சிலர் சிரித்தார்கள். அவரும் கொஞ்சம் சிரித்தார். பிறகு போகாமல் சாயந்திரம் வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"கரையானுக்கு எது பொறப்பு எது இறப்புன்னு தெரியுமா தங்கச்சி?" என்றார் பைண்டர். "அதுக்கு எல்லாம் பசைதான்."

செவ்வாய்க்கிழமை அந்த வருடத்து ஏடு வந்தது. மாதம் எனக்குத் தெரியும். பைண்டர் டீ குடிக்கப் போன நேரத்தில் தாள்களைப் புரட்டினேன். விரல்கள் வியர்வையில் நனைந்திருந்தன, தாளில் கறை படும் என்று பயந்து முந்தானையில் துடைத்துத் துடைத்துப் புரட்டினேன். நீல மையில், சாய்ந்த எழுத்தில் இருந்தாள். பெண் குழந்தை, ஒன்பது மாதம், காலை ஆறு மணி பத்து நிமிடம். தந்தை, சலவைப் பிரிவு. பெயர் இருந்த கட்டத்தில் என் பெயர்.

என் மரணத்தைப் படித்தது போலத்தான் இருந்தது. ஆனால் அந்த நிமிடத்தில் நான் யோசித்ததெல்லாம் ஒன்றே ஒன்று: தாளின் ஓரத்தில் ஏற்கனவே கரையான் தொட்டிருந்தது. வசதியாக.

தாளை மடிக்காமல் இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்துப் பையில் போட்டேன். பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் நின்றே வந்தேன். பக்கத்தில் இருந்தவர் என் பையை ஒருமுறை பார்த்தார். இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கிவிட்டேன்.

வீட்டில் மகள் யாருடனோ போனில் பயிற்சி விடுதியைப் பற்றிச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். அப்பா ஜன்னலோரம் நாற்காலியில். வலது கை அவருக்கு இப்போது உயருவதில்லை. தாளை அவர் மடியில் வைத்தேன். கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு படித்தார். அந்த வரிக்கு வந்ததும் விரலை வைத்தார். எடுக்கவில்லை.

"ஆறு பத்துன்னு போட்டிருக்கான்," என்றார். "ஆறு மணிக்கு முன்னாடியே போயிட்டா. நர்ஸ் வரத்தான் ஆறு பத்து ஆச்சு."

அதற்கு மேல் ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். சொன்னார், ஆனால் வேறு குரலில். "இது வெளிய வந்துட்டா எல்லாம் போயிரும் இல்ல? கிழிச்சிரும்மா. நாங்க செஞ்சது எங்களோட போகட்டும்."

மகள் போனை வைத்துவிட்டு வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை. எதைக் கிழிக்க என்று கேட்டாள்.

பொய் சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் தாளில் என் பெயரை அவள் அதற்குள் படித்துவிட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்குப் புரியப் பத்து நிமிடம் ஆனது. ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த விண்ணப்பத்தை அவள் பார்த்தபோதுதான் முழுதாகப் புரிந்தது என்று எனக்குத் தெரிந்தது.

"அப்ப எனக்குச் சான்று கிடைக்காது."

"இந்தத் தாள் திரும்பிப் போனா கிடைக்காது."

"போகலன்னா?"

அவள் தாத்தாவின் மடியிலிருந்து தாளை எடுத்தாள். கிழித்துவிடுவாள் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், கிழித்துவிட மாட்டாளா என்று நினைத்தேன். அவள் கிழித்தால் அது என் கை இல்லை. பெற்றவள் இப்படியும் நினைப்பாளா என்றால், நினைத்தேன்.

அவள் கிழிக்கவில்லை. கோபமாக இருந்தால் கையில் கிடைத்ததையெல்லாம் வாசிப்பது அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். பிஸ்கட் பாக்கெட்டைக்கூட வாசிப்பாள். சத்தமாக வாசித்தாள். ஆண் குழந்தை, தாய் கூலி வேலை. ஆண், ஆண், இரட்டை. பெண் குழந்தை, தந்தை பெயர் கட்டத்தில் கோடு. தாளைத் திருப்பினாள். ஆண் குழந்தை, எடை குறைவு. பெண், பெண், ஆண். இரண்டு பக்கமும் சேர்த்துப் பதினாறு வரி. இரண்டு இறப்பு. பதினாலு பேர் பிறந்திருந்தார்கள்.

"இவங்களுக்கெல்லாம் வேற எங்கயாவது இருக்குமா?" என்று கேட்டாள்.

சிலருக்கு இருக்கும், துண்டுச் சீட்டைப் பதிவு அலுவலகத்துக்குக் கொண்டுபோனவர்களுக்கு. கொண்டுபோகாதவர்களுக்கு இந்தத் தாள்தான் என்றேன். யாருக்கு இருக்கிறது, யாருக்கு இல்லை என்று கண்டுபிடிக்க வழியில்லை.

"சும்மா பத்து நாள் வீட்ல வச்சிரு. நான் சேந்ததும் கொண்டுபோய் வச்சிரு."

அதையும் நான் பஸ்ஸிலேயே யோசித்துப் பார்த்திருந்தேன். அவள் சேர்ந்த பிறகும் ஜோடி சேரத்தான் போகிறது. பயிற்சிக்கு நடுவில், இல்லை வேலைக்குப் போன பிறகு, ஒரு நாள் கூப்பிட்டு இறக்கிவிடுவார்கள். அல்லது தாள் என்றைக்கும் திரும்பிப் போகக் கூடாது. இரண்டுக்கும் நடுவில் ஒன்றும் இல்லை.

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். "டிக்கெட் கையில வச்சுக்கிட்டே செக்கரப் பாத்தா எந்திரிச்சு நிப்ப," என்றாள். "நான் ஆறாவது படிச்ச வரைக்கும் நீ அப்படி இல்ல. எல்லாரோடயும் சண்டை போடுவ. எனக்கு அந்த அம்மாவத்தான் பிடிக்கும். இனி நான் செக்கரப் பாத்தா எந்திரிக்கணுமா?"

"நான் செஞ்ச தப்பு இல்லடி."

"உன்னையச் சொல்லல. ஆனா எனக்கு ரயில் வேணும்மா. நான் படிச்சுதான வாங்கினேன்? யார் தாள்லயும் வாங்கலியே?"

சாப்பிடாமல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அப்பா தன் மடியையே பார்த்துக்கொண்டிருந்தார். தாள் அங்கே இல்லை.

அவள் சொன்னதில் ஒன்று என்னை விடவில்லை. படித்து வாங்கினாள், நிஜம்தான். ஆனால் அந்தப் பரீட்சையை எழுத வரிசையில் நின்றவர்களில் எங்கள் தெருவின் அனுமதிச் சீட்டுப் பிள்ளைகள் ஒருவர்கூட இல்லை. அவர்களுக்கு விண்ணப்பமே கொடுக்க மாட்டார்கள். அவர்களில் இவளைவிட நன்றாகப் படித்த பையன் ஒருவன் இப்போது பெட்ரோல் பங்கில் நிற்கிறான். அதை அவளிடம் சொல்லலாமா? கையில் வைத்திருந்தபோது எனக்கு அது உரிமை. பறிபோகும்போது மட்டும் அது சலுகை என்று கண்டுபிடித்து மகளுக்குப் பாடம் நடத்த எனக்கு வாய் வரவில்லை. எனக்கும் அது வேண்டும். இன்னும் வேண்டும்.

காலையில் அவள் கதவு திறக்கவில்லை. தாளை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். மனசு முடிவு எடுத்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். பஸ்ஸில் பத்திரமாகப் பிடித்திருந்தது கைதான். லாரிக்காரர் உட்கார்ந்திருந்த பெஞ்சைத் தாண்டும்போது அதில் யாரோ ஒரு பெண் கைக்குழந்தையுடன் இருந்தாள். நின்றால் திரும்பிவிடுவேன் என்று வேகமாக நடந்தேன்.

பைண்டர் எனக்கு முன்னால் வந்திருந்தார். அந்த ஏட்டின் தாள்கள் அவர் முன்னால் அடுக்காக இருந்தன. பென்சில் காதில்.

"நேத்து சாயந்திரம் எண்ணினேன்," என்றார், என்னைப் பார்க்காமல். "ஒண்ணு குறைஞ்சுச்சு. எனக்குக் கண்ணு சரியில்லன்னு வீட்ல சொல்லிக்கிட்டே இருக்காங்க. அதான், காலையில வெளிச்சத்துல எண்ணிக்கலாம்னு விட்டுட்டேன்." பிறகு எழுந்தார். "டீ குடிச்சிட்டு வர்றேன் தங்கச்சி."

பையைத் திறந்து தாளை அதன் இடத்தில் வைத்தேன். மேலே தாள், கீழே தாள், நடுவில் அக்கா. ஓரங்களைத் தட்டி நேராக்கினேன். அவர் வந்து எண்ணினார். சரியாக இருக்கிறது என்று பென்சிலால் ஒரு டிக் போட்டார். பத்து மணிக்குக் கட்டு மாடிக்குப் போயிற்று.

ஜோடி சேர்ந்து கடிதம் வர எப்படியும் சில வாரங்கள் ஆகும். கடிதம் வரும் வரை சும்மா இருந்தால், மறைத்தவள் என்று ஆகிவிடும். அதற்கு முன்னால் நானே போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியவில்லை. மதியம் மாடி ஏறினேன். பதிவுத் துறையிலிருந்து வந்திருந்த அதிகாரி அம்மா டிபன் பாக்ஸை மூடிக்கொண்டிருந்தார். பதிவாகாத பிறப்புக்கான படிவம் வேண்டும் என்றேன்.

"யாருக்கு?"

"எனக்கு மேடம்."

அவர் என் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்தார். உட்காரச் சொன்னார். அரை மணி நேரம் பேசினேன். அவர் ஒரு காகிதத்தில் ஏதேதோ குறித்துக்கொண்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். விசாரணை இருக்கும், வேலை என்ன ஆகும் என்று என்னால் சொல்ல முடியாது, நீங்களாக வந்தது எழுதப்படும் என்றார். எனக்கும் மகளுக்கும் அனுமதிச் சீட்டுதான், வருடா வருடம். ஐந்து வருடம் கழித்துக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். கணவருடைய அனுமதியைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

"பொண்ணுக்கு ரயில் பயிற்சியில இடம் கிடைச்சிருக்கு மேடம்," என்றேன், எதற்கு என்று தெரியாமல்.

"அஞ்சு வருஷம் கழிச்சு அவங்களுக்கு இருபத்தி மூணுதான்," என்றார். "வயசு வரம்பு இருபத்தஞ்சுன்னு நினைக்கிறேன். எதுக்கும் பாத்துக்கங்க." படிவத்தை நீட்டினார். "நீங்க பொறந்தப்போ அங்க இருந்தவங்க யாராவது உயிரோட இருக்காங்களா? நேர்ல வந்து கையெழுத்துப் போடணும். அலுவலகம் நாலு மணி வரைக்கும்."

வராந்தாவுக்கு வந்து வீட்டுக்குப் போன் செய்தேன். அப்பாவால் எழுந்து வந்து எடுக்க முடியாது. ஐந்தாவது மணியில் மகள் எடுத்தாள். தூங்காத குரல். தாள் திரும்பிப் போய்விட்டது என்றேன். தாத்தா நேரில் வர வேண்டும், அவரைக் கூட்டிவர உன்னை விட்டால் ஆள் இல்லை என்றேன். எதற்கு வர வேண்டும் என்பதையும், குடியுரிமைக்கு ஐந்து வருடம் காத்திருக்க வேண்டும் என்பதையும் சொன்னேன். அவள் இதைச் செய்தால் தன் இடத்தைத் தானே ரத்து செய்கிற மாதிரி என்பது இருவருக்கும் தெரியும்.

ரொம்ப நேரம் மூச்சுச் சத்தம்தான் கேட்டது. கீழே ஆம்புலன்ஸ் ஒன்று பின்னால் வந்து நின்று, கதவு திறந்து மூடியது. வைத்துவிட்டாளோ என்று காதிலிருந்து எடுத்துத் திரையைப் பார்த்தேன். வைக்கவில்லை.

"அஞ்சு வருஷம் நான் உன்கூடப் பேச மாட்டேன்," என்றாள்.

"சரி."

"தாத்தாவால படி இறங்க அரை மணி நேரம் ஆகும். ஆட்டோ பிடிக்கணும். எத்தனை மணிக்குள்ள வரணும்?"

நாலு என்றேன். அவள் போனை எங்கோ வைத்துவிட்டாள், அணைக்கவில்லை. அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு அப்பா ஏதோ கேட்டார். வெள்ளைச் சட்டை வேண்டாம், பொத்தான் இல்லை என்று அவள் அதட்டினாள். எனக்குத் தெரிந்த அதே கோபக் குரல். வராந்தாவில் சுவரோடு சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"வலது கைய முதல்ல குடுங்க தாத்தா," என்றாள். "மெதுவா. நான் பிடிச்சிருக்கேன்."